உயிரணுப் பெருக்கத்துக்குக் கடிவாளம் இடும் பி53

நம் உடலில் தினமும் கோடிக்கணக்கான உயிரணுக்கள் பிரிந்து புதியவை உருவாகின்றன. இந்த வேலை அளவோடு நடந்தால் அது வளர்ச்சி. அளவை மீறினால் புற்றுநோய். அந்த அளவைக் காப்பது எது?

உயிரணுக்களுக்குள் மரபணுக்களை முடுக்கிவிடும் புரதங்களும் அடக்கிவைக்கும் புரதங்களும் உள்ளன. இவற்றைப் படியெடுப்புக் காரணிகள் என்பர். அவற்றுள் புகழ்பெற்றது பி53. 1979ல் இதைக் கண்டறிந்த ஆய்வாளர்களுள் ஒருவர் டேவிட் லேன். இவர் 2004ல் சிங்கப்பூரின் மூலக்கூறு, உயிரணு உயிரியல் கழகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். கழகம் இருக்கும் பயோபொலிஸ், புவன விஸ்தா நிலையத்துக்கு அருகில் உள்ளது. தெம்பனிஸிலிருந்து ஒரே ரயிலில் போய்விடலாம்.

பி53 எப்படி வேலை செய்கிறது?

சாதாரண நேரத்தில் பி53 மிகக் குறைவாகவே இருக்கும். மரபணு இழை சேதமடைந்தால் அது பெருகி, பி21 என்ற மரபணுவை முடுக்கிவிடும். பி21 புரதம், உயிரணுப் பிரிவை நடத்தும் நொதிகளின் கையைக் கட்டிப்போடும். அதனால் இழையை நகலெடுக்கும் மரபணுக்களைத் தூண்டும் இ2எஃப் என்ற காரணியும் அடங்கிக் கிடக்கும். சேதம் சீரானால் வேலை தொடரும். சீராக்க முடியாவிட்டால் அந்த உயிரணு தன்னையே அழித்துக்கொள்ள பி53 வழிசெய்யும்.

மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் இந்த பி53 மரபணுவே பழுதாகியிருக்கிறது.

பெருங்குடலில் நடப்பது

சிங்கப்பூரில் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் பெருங்குடல் புற்றுநோயும் ஒன்று. பெரும்பாலும் அது பாலிப் எனும் சிறு சதை வளர்ச்சியாகத் தொடங்குகிறது. முதலில் ஏபிசி என்ற மரபணு பழுதாகும். அதனால் உயிரணுப் பிரிவைத் தூண்டும் மிக் என்ற காரணி அளவுக்கு மீறி உருவாகும். பி53 பழுதாவது பொதுவாகப் பிந்திய கட்டத்தில்தான். இடையில் பல ஆண்டுகள் கழியலாம்.

அந்த ஆண்டுகளே நமக்குக் கிடைக்கும் அவகாசம். பாலிப்பை அப்போதே அகற்றிவிட்டால் அது புற்றுநோயாக மாற வழியில்லை. ஆனால் அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. ஆகவே வலி வரட்டும் என்று காத்திருப்பது சரியல்ல.

50 வயதைக் கடந்தவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை மலப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவையும் அது காட்டும். மாதிரியை வீட்டிலேயே எடுக்கலாம். இரத்தம் இருப்பதாக முடிவு வந்தால் புற்றுநோய் என்று பொருளல்ல. குடல் உள்நோக்குச் சோதனை தேவை என்றே பொருள். கண்ணால் இரத்தம் கண்டவர்களும், பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்கு இந்நோய் வந்தவர்களும் வயதைப் பார்க்காமல் மருத்துவரிடம் ஆலோசனை பெற வேண்டும்.

கூச்சத்தால் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடுவோர் நம்மில் பலர். தெம்பனிஸ் நேயர்கள் அடுத்த முறை பலதுறை மருந்தகத்துக்குச் செல்லும்போது இதைப்பற்றிக் கேளுங்கள். வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் எடுத்துச் சொல்லுங்கள்.