ஊரிழந்தோர் வளர்த்த கழகம்

ஊரை இழந்தவர்களுக்கு மிஞ்சுவது யாது? வீடு போகிறது, நிலம் போகிறது, மூதாதையரின் சமாதிகள் அந்நிய எல்லைக்குள் போய்விடுகின்றன. பெயர் ஒன்றே கையில் நிற்கிறது. அந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒரு ஜன சமூகம் என்ன செய்ய முடியும்? இக்கேள்விக்கு விடை தேடுவோர், கிரேக்க தேசத்தின் தலைநகராகிய ஏதென்ஸில் நூறு வருஷங்களுக்கு மேலாக நடந்துவரும் ஒரு விளையாட்டுக் கழகத்தின் சரித்திரத்தை அறிந்துகொள்வது நலம். அக்கழகத்துக்கு ஏ.இ.கே. என்று பெயர். கிரேக்க பாஷையில் ‘கான்ஸ்டாண்டிநோபிள் தேகப் பயிற்சிச் சங்கம்’ என்பதன் சுருக்கமே அது. ஏதென்ஸ் நகரத்துக் கழகத்துக்கு மற்றொரு தேசத்து நகரின் பெயர் ஏன்? விஷயமே அதில்தான் இருக்கிறது.

இக்கழகத்தின் கால்பந்துக் கோஷ்டியைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பர். நாம் இங்கே சிறப்பாக எடுத்துக்கொள்வது அதன் ஆண்கள் ஹாண்ட்பால் கோஷ்டியை. மூத்த பிள்ளை நொடித்துப்போன வருஷத்தில் குடும்பத்தின் மானத்தைக் காத்த இளைய பிள்ளை அது.

மனிதரைப் பண்டமாக்கிய ஒப்பந்தம்

முதல் உலக மகாயுத்தம் முடிந்ததும், ஆசியா மைனரில் தன் ராஜ்யத்தை விஸ்தரிக்கலாம் என்ற ஆசை கிரேக்க சர்க்காரைப் பிடித்தது. 1919-ம் வருஷத்தில் அதன் சேனை ஸ்மிர்னா துறைமுகத்தில் இறங்கிற்று. மூன்று வருஷம் யுத்தம் நடந்தது. 1922-ம் வருஷத்தில் கிரேக்க சேனை முறிந்தோடியது. அவ்வருஷம் செப்டம்பர் மாதத்தில் ஸ்மிர்னா நகரம் தீக்கு இரையாயிற்று. சர்க்கார் கண்ட கனவுக்குக் குடிஜனங்கள் விலை கொடுத்தார்கள்.

1923-ம் வருஷம் ஜனவரி 30-ந் தேதி லோஸான் நகரில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. துருக்கியிலிருந்த வைதிகக் கிறிஸ்தவர்கள் கிரேக்க தேசத்துக்கும், கிரேக்க தேசத்திலிருந்த முஸ்லிம்கள் துருக்கிக்கும் கட்டாயமாகப் போகவேண்டும் என்பது அதன் ஷரத்து. ‘ஜனப் பரிவர்த்தனை’ என்று அதற்குப் பெயரிட்டார்கள். அரிசிக்கு உப்பை மாற்றுவதுபோல் மனிதருக்கு மனிதரை மாற்றினார்கள்! யாருடைய சம்மதத்தையும் யாரும் கேட்கவில்லை. மதம் ஒன்றே அளவுகோல். துருக்கி பாஷையைத் தவிர வேறொன்றும் அறியாத கிறிஸ்தவன் கிரேக்கனாக எண்ணப்பட்டான். கிரேக்க பாஷையைத் தவிர வேறொன்றும் அறியாத கிரீட் தீவு முஸ்லிம் துருக்கியனாக எண்ணப்பட்டான். யுத்தத்துக்கு அஞ்சி முன்னரே ஓடிவந்தவர்களையும் சேர்த்து, சுமார் 12 லட்சம் பேர் கிரேக்க தேசத்துக்கு வந்து சேர்ந்தனர். அந்தத் தேசத்தின் மொத்த ஜனத்தொகையோ அப்போது 50 லட்சத்தை ஒட்டியதுதான். மறுபக்கத்தில், 3½ லட்சத்துக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் தங்கள் ஊர்களை விட்டுப் போயினர். அவர்கள் சிந்திய கண்ணீரும் கண்ணீரே என்பதை நாம் மறக்கலாகாது.

கான்ஸ்டாண்டிநோபிளில் நெடுங்காலமாக வசித்த கிரேக்கருக்கு இவ்வொப்பந்தம் விலக்கு அளித்தது. ஆயினும் காகிதத்திலிருந்த விலக்கு அச்சத்தைப் போக்குமா? பல்லாயிரவர் அந்நகரைவிட்டு ஏதென்ஸுக்கும் சலோனிகாவுக்கும் வந்துவிட்டனர். வந்த இடத்தில் வரவேற்பு எப்படியிருந்தது? சொந்த இனத்தவரே அவர்களைத் ‘துருக்கியரின் வித்து’ என்று ஏசினர். அங்கே கிரேக்கர் என்பதற்காகத் துன்பம். இங்கே துருக்கியர் என்று நிந்தை. அகதியின் நிலை எந்தத் தேசத்திலும் இதுதான் போலும்!

கடையில் பிறந்த கழகம்

கான்ஸ்டாண்டிநோபிளின் பேரா, தாதாவ்லா முதலிய பகுதிகளில் கிரேக்க வாலிபர்கள் விளையாட்டுக் கழகங்கள் நடத்திவந்தனர். அவற்றில் பழகிய சிலர் ஏதென்ஸில் வெரான்ஸெரு வீதியிலிருந்த ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் கூடினர். கடையை நடத்திய எமிலியோஸ் இயோனாஸ், கான்ஸ்டாண்டினோஸ் திமோபூலோஸ் இருவரும் அவர்களைப் போலவே ஊர் விட்டு வந்தவர்கள். 1924-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அக்கூட்டத்தில் பிறந்ததே ஏ.இ.கே. பத்திரிகையாசிரியராகிய கான்ஸ்டாண்டினோஸ் ஸ்பானூதிஸ் முதல் தலைவரானார். பைஸாண்டிய ராஜ்யத்தின் இருதலைக் கழுகு சின்னமாயிற்று; மஞ்சளும் கறுப்பும் கொடியின் நிறங்களாயின. இரண்டு வருஷத்துக்குப்பின் சலோனிகாவில் அதே நகரத்து அகதிகள் பி.ஏ.ஓ.கே. என்ற கழகத்தை நிறுவினர். 1890-ல் ஸ்மிர்னாவில் தோன்றிய பானியோனியோஸ் கழகமும் கடல் கடந்து வந்து ஏதென்ஸில் மறுபிறப்பு எடுத்தது.

பசித்தவர்கள் பந்து விளையாடவா கழகம் தேடினர் என்று சிலர் கேட்கலாம். இவ்வபிப்பிராயம் தவறு என்பதே நமது கருத்து. கூடாரத்திலும் தகரக் கொட்டகையிலும் கிடந்தவர்களுக்கு ரொட்டியை சர்க்கார் கொடுக்கலாம். சுயமரியாதையை யார் கொடுப்பது? அதை அவர்களே ஒன்றுகூடி உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. சங்கம் என்றால் அங்கத்தினர் உண்டு, சந்தா உண்டு, தேர்தல் உண்டு, கொடி உண்டு. அகதி அங்கே அகதியல்லன், அங்கத்தினன்.

ஏதென்ஸுக்கு வடக்கே அகதிகளுக்காக ஒரு புறநகர் எழுந்தது. ஆசியா மைனரிலிருந்த பிலடெல்பியாவின் நினைவாக அதற்கு ‘நேயா பிலடெல்பியா’, அதாவது புதிய பிலடெல்பியா, என்று பெயர் வைத்தனர். ஸ்பானூதிஸ், பிரதம மந்திரி வெனிஸேலோஸின் நண்பர். அந்தச் செல்வாக்கினால் கழகத்துக்கு அங்கே நிலம் கிடைத்தது. 1930-ல் மைதானம் திறக்கப்பட்டது. அதே 1930-ல் அங்காராவில் கிரேக்க சர்க்காரும் துருக்கி சர்க்காரும் மற்றோர் ஒப்பந்தம் செய்துகொண்டு, அகதிகள் விட்டுவந்த சொத்துக்களைப் பற்றிய வழக்கைத் தங்களுக்குள் தீர்த்துக்கொண்டன. ஈடு கிடைக்கும் என்று காத்திருந்தவர்களின் நம்பிக்கை அத்தோடு ஒழிந்தது. ஊரும் போயிற்று, ஈடும் போயிற்று. மைதானம் ஒன்று மிஞ்சிற்று!

ஹாண்ட்பால் என்பது

ஹாண்ட்பால் என்றதும் நம் வாசகர்கள் வலைக்கு மேலே தட்டும் கைப்பந்தை நினைத்துவிடக்கூடாது. அது வாலிபால். இது வேறு. 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் உள்ள கூடத்தில், பக்கத்துக்கு 7 பேராக, பந்தைக் கையால் பிடித்தும் எறிந்தும் எதிரியின் கோலுக்குள் புகுத்தும் ஆட்டம் இது. கோலின் அகலம் 3 மீட்டர், உயரம் 2 மீட்டர். பந்தை வைத்துக்கொண்டு மூன்று அடிக்கு மேல் நடக்கக்கூடாது. மூன்று விநாடிக்கு மேல் நிற்கவும் கூடாது. கோலுக்கு முன் 6 மீட்டர் தூரத்திலுள்ள கோட்டுக்குள் காவலனைத் தவிர வேறொருவரும் கால் வைக்கக்கூடாது; ஆகையால் ஆட்டக்காரன் கோட்டுக்கு வெளியிலிருந்து காற்றில் எழும்பி, தரையில் விழுமுன் பந்தை எறிகிறான். அரைமணி வீதம் இருமுறை ஆடவேண்டும். இந்த ஆட்டத்தில் பந்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ள நினைப்பவன் தோற்றான்.

டென்மார்க்கிலும் ஜெர்மனியிலும் உருவான இவ்வாட்டம் கிரேக்க தேசத்தில் வேரூன்றச் சற்றுக் காலம் பிடித்தது. 1979-ல்தான் அங்கே ஹாண்ட்பால் சம்மேளனம் ஏற்பட்டது. ஆயினும் அகதிகளின் புறநகராகிய நேயா பிலடெல்பியாவில் அது நன்கு பரவிற்று. ஆசியா மைனரின் இயோனியா பிரதேசத்துப் பெயரைத் தாங்கிய ‘இயோனிகோஸ்’ கழகம் பலமுறை தேசிய சாம்பியன் பட்டம் பெற்றது. 2004-ல் ஏதென்ஸில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தபோது கிரேக்க ஆண்கள் கோஷ்டி ஆறாவது ஸ்தானத்தை அடைந்தது. மறு வருஷம் டுனீஸியாவில் நடந்த உலகப் போட்டியிலும் அதே ஆறாவது ஸ்தானம். அந்த 2005-ம் வருஷத்தில்தான் ஏ.இ.கே. கழகம் தனக்கென ஆண்கள் ஹாண்ட்பால் கோஷ்டியைத் தொடங்கிற்று.

2013-ம் வருஷம்

இங்கே ஒரு விவரத்தைக் கவனிக்கவேண்டும். 1979-ல் கிரேக்க தேசத்தில் கால்பந்து, சம்பளத்துக்கு ஆடும் தொழிலாயிற்று. ஒவ்வொரு கழகத்தின் கால்பந்தும் தனிக் கம்பெனியின் கைக்குப் போயிற்று. மற்ற ஆட்டங்களிற் பல, 1924-ல் உண்டான மூல சங்கத்தோடேயே நின்றன. ஹாண்ட்பால் அந்தச் சங்கத்தின் பிள்ளை. கம்பெனிக்குப் பங்குதாரர் உண்டு. சங்கத்துக்கு அங்கத்தினர் உண்டு. இரண்டுக்குமுள்ள வேற்றுமை பின்னால் தெரிந்தது.

2003-ல் நேயா பிலடெல்பியாவின் பழைய மைதானம் இடிக்கப்பட்டது. புதிது கட்டுவதாகச் சொல்லித்தான் இடித்தார்கள். கட்டி முடிந்தது 2022-ல்! இடைப்பட்ட 19 வருஷம் கழகத்தின் கால்பந்து பிறர் மைதானத்தில் ஒண்டுக்குடி இருந்தது. ஊரிழந்தோரின் கழகம் தன் வீட்டையும் இழந்தது. கடன் வளர்ந்தது. 2010-க்குப்பின் தேசத்தையே வாட்டிய பொருளாதார நெருக்கடி நிலைமையை மேலும் கெடுத்தது. 2013 ஏப்ரல் மாதத்தில், தோல்வியைத் தாங்காத ரசிகர்கள் ஆட்டத்தின் நடுவே மைதானத்துக்குள் பாய்ந்தனர், ஆட்டம் நின்றது, கழகத்தின் பாயிண்டுகள் வெட்டப்பட்டன. தன் சரித்திரத்தில் முதல் தடவையாக ஏ.இ.கே. முதற் பிரிவிலிருந்து இறங்கிற்று. கடன் சுமையால் இரண்டாம் பிரிவிலும் நில்லாமல், மூன்றாம் பிரிவில் புதிதாகத் தொடங்கவேண்டி வந்தது. கழகத்தின் மீது வைத்த அன்பே ஆத்திரமாக மாறினால் அன்பு வைத்த பொருளையே அழித்துவிடும் என்பதற்கு வேறு திருஷ்டாந்தம் வேண்டுமோ?

கால்பந்து வீழ்ந்த அந்த 2013-ம் வருஷத்திலேயே, தொடங்கி எட்டு வருஷமே ஆன ஹாண்ட்பால் கோஷ்டி, கிரேக்க தேசத்தின் சாம்பியன் பட்டத்தை முதன்முதலாக வென்றது. இருதலைக் கழுகின் சிறகு அடியோடு ஒடிந்துவிடவில்லை என்று காட்டியவர்கள், பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் பெயர் வராத இந்த ஏழு பேரும் அவர்களுடைய தோழர்களுமே.

எல்லை கடந்த வெற்றி

2012-ல் ஆர்கோஸ் நகரத்துத் தியோமீதிஸ் கழகம், ஸ்விட்ஸர்லாந்தின் வாக்கர் துன் கழகத்தை இறுதிப் போட்டியில் வென்று, ஐரோப்பிய சாலஞ்ச் கோப்பையைக் கிரேக்க தேசத்துக்குக் கொண்டுவந்திருந்தது. அவ்வழியில் ஏ.இ.கே.யும் முயன்றது. 2018-ல் அதே கோப்பையின் இறுதிக்குச் சென்று, ருமேனியாவின் போடாய்ஸா துர்தா கழகத்திடம் தோற்றது. தோல்வி கண்டு கலையவில்லை. பெயர் மாறி ‘ஐரோப்பியக் கோப்பை’ என்று அப்போட்டி நடந்த முதல் தடவையிலேயே, 2021-ல், ஏ.இ.கே. அதைக் கைப்பற்றிற்று. இறுதியில் எதிர்நின்றது சுவீடன் தேசத்து யூஸ்டாட் கழகம். ஐரோப்பாவில் இது மூன்றாந்தரக் கோப்பைதான். அதை நாம் மிகைப்படுத்திப் பேச விரும்பவில்லை. ஆனால், 1968-ல் கூடைப்பந்தில் ஐரோப்பியக் கோப்பை வென்ற முதல் கிரேக்கக் கழகமும் இதே ஏ.இ.கே.தான். ஏதென்ஸின் பழைய சலவைக்கல் ஸ்டேடியத்தில் செக்கோஸ்லவாகியாவின் ஸ்லாவியா பிராஹா கழகத்தை வென்ற அன்று கிடைத்த கௌரவத்தை, 53 வருஷம் கழித்து ஹாண்ட்பால் பிள்ளைகள் தங்கள் ஆட்டத்துக்கும் தேடிக்கொடுத்தார்கள்.

நாம் அறியவேண்டியது

கான்ஸ்டாண்டிநோபிள் இன்று இஸ்தான்புல். 1955-ல் நடந்த கலகத்துக்கும் 1964-ல் தொடங்கிய வெளியேற்றத்துக்கும் பின், அங்கே எஞ்சியுள்ள கிரேக்கர் சில ஆயிரம் பேரே. அந்நகரைக் கண்ணால் கண்டிராத வாலிபர்கள் அதன் பெயரைச் சட்டையில் தாங்கி ஆடுகிறார்கள். இதைக் கண்டு, இழந்த ராஜ்யத்தைத் திரும்பப் பிடிக்கும் எண்ணத்தை வளர்ப்போர் சிலர் இருக்கக்கூடும். அது பெருந்தவறு. அந்த ஆசைதான் 1922-ல் ஸ்மிர்னாவைத் தீக்குக் கொடுத்தது. ஞாபகம் வேறு, உரிமை கொண்டாடுதல் வேறு. பாட்டன் பிறந்த ஊரை நினைப்பவன், அங்கே இன்று வாழ்பவனைப் பகைக்கவேண்டிய அவசியமில்லை. அவனுடைய பாட்டனும் ஒருவேளை கிரீட் தீவிலிருந்து துரத்தப்பட்டவனாயிருக்கலாம்.

பொது ஸ்தாபனங்களை நடத்துவோர் இச்சரித்திரத்திலிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்ளலாம். ஒரு ஸ்தாபனத்தில் எப்போதும் ஒரு கிளை பெருத்து நிற்கும். பணமும் கூட்டமும் புகழும் அதைச் சுற்றியே இருக்கும். ஸ்தாபனமே அந்தக் கிளைதான் என்று எல்லோரும் மயங்குவர். புயல் வந்து அக்கிளை முறியும் நாளில்தான் மரத்தின் உயிர் வேரில் இருந்தது புலப்படும். ஏ.இ.கே.யின் வேர், 1924-ல் ஒரு கடைக்குள் கூடியவர்கள் ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கை. செல்வரின் தயவில் எழுந்தது சரிந்தது. அங்கத்தினரின் சங்கம் காத்த சிறு கோஷ்டி நிமிர்ந்து நின்றது.

1923-ல் லோஸானில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்த ராஜதந்திரிகள், 12 லட்சம் பேரைக் கணக்கில் ஒரு வரியாக எழுதி முடித்தனர். அவர்களுடைய ஒப்பந்தத்தை இன்று சரித்திர மாணவர்களே படிக்கின்றனர். ஏதென்ஸிலோ, வாரந்தோறும் ஏழு வாலிபர் மஞ்சளும் கறுப்பும் அணிந்து கூடத்துக்குள் ஓடிவருகின்றனர். கூட்டம் எழுந்து நின்று இழந்த ஊரின் பெயரை உரக்கச் சொல்கிறது.