உங்கள் ஊர்க் குடிநீர்ப் பணம் எந்தக் கணக்கில் வருகிறது?

கோடை பிறந்தால் தேனி மாவட்டத்தில் ஏதாவது ஒரு சாலையில் காலிக்குடங்கள் வரிசை கட்டிவிடும். பேருந்துகள் நிற்கும். போலீஸ் வரும், பின்னாலேயே வட்டார வளர்ச்சி அலுவலர் வருவார். இரண்டு நாளில் சரியாகிவிடும் என்பார். டிராக்டரில் தண்ணீர் வந்ததும் மறியல் கலையும். எழுத்தில் எதுவும் இருக்காது. அடுத்த மாதம் அதே சாலை, அதே குடங்கள்.

மறியல் செய்கிறவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் “எங்கள் ஊர்க் குடிநீருக்கு இந்த ஆண்டு எந்தக் கணக்கில், எவ்வளவு வந்தது?” என்று கேட்பவர் அந்தக் கூட்டத்தில் அரிது. வாய்வார்த்தையோடு கலைந்துபோகும் கூட்டத்தைவிட அதிகாரிக்கு வசதியானது வேறில்லை.

முதல் தவறு, மனுவைத் தவறான இடத்தில் கொடுப்பது. கம்பம் பள்ளத்தாக்கில் சுருளிப்பட்டி கிராம ஊராட்சி. அருகிலிருக்கும் காமயகவுண்டன்பட்டி பேரூராட்சி. இரண்டிலும் தோட்டம் துரவுதான், வாழ்க்கையும் ஒன்றுதான். குடிநீர்ப் பணம் வரும் வழி மட்டும் வேறு. ஊரகத்துக்கான ஜல் ஜீவன் திட்டம் ஊராட்சிக்குப் பொருந்தும், பேரூராட்சிக்குப் பொருந்தாது. கோம்பை, தேவாரம், பண்ணைப்புரம், ஓடைப்பட்டி எல்லாம் பேரூராட்சிகள். அங்கே அம்ருத் 2.0 போன்ற நகர்ப்புறத் திட்டங்களைப் பற்றித்தான் கேட்க வேண்டும். மனு செயல் அலுவலருக்கும், பேரூராட்சிகளின் உதவி இயக்குநருக்கும் போக வேண்டும். மாவட்டத்தில் 130 ஊராட்சிகள், 22 பேரூராட்சிகள். உங்கள் ஊர் எது என்பதை வீட்டு வரி ரசீதைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

லோயர் கேம்பில் முல்லைப் பெரியாற்று நீரை எடுத்து, மதுரைக்கு நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் கொண்டுபோகும் சுமார் 1,295 கோடி ரூபாய்த் திட்டமும் அம்ருத் கணக்கில் வந்ததுதான். குழாய் நம் பக்கமாகப் போகிறது என்பதற்காக ஓர் ஊராட்சிக்கு அந்தப் பணத்தில் தானாகப் பங்கு வந்துவிடாது. ஊராட்சி தன் வழியில் கேட்டுப் பெற வேண்டும்.

அந்த வழிகள் மூன்று. ஒன்று, 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன். ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது அதன் அளவு. தமிழகத்தில் மத்திய அரசும் மாநில அரசும் பாதிக்குப் பாதி பணம் போடுகின்றன. மாநிலங்களுக்குப் பிரிக்கும்போது ஊரக மக்கள்தொகைக்கு 30 விழுக்காடு, வறண்ட மற்றும் மலைப்பகுதிகளுக்கு 30, இன்னும் கொடுக்க வேண்டிய இணைப்புகளுக்கு 20, பட்டியல் சாதி, பழங்குடி மக்கள்தொகைக்கு 10, ரசாயனம் கலந்த நீரைக் குடிக்கும் குடியிருப்புகளுக்கு 10 என்று கணக்கிடுகிறார்கள். 2024இல் முடிய வேண்டிய திட்டத்தின் காலம் 2028 வரை நீட்டிக்கப்பட்டது.

இரண்டு, மத்திய நிதிக்குழு மானியம். 2021–26க்கான 15ஆவது நிதிக்குழு, ஊராட்சி மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று கட்டிவைத்தது. அதில் பாதி குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சிக்கு உரியதாக இருந்தது. அந்தப் பாதியை நினைத்தபடி வேறு வேலைக்குத் திருப்ப விதி இடம் தரவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி இல்லாவிட்டால் இந்த மானியம் நின்றுபோகும் என்பதையும் மறக்க வேண்டாம். 2016க்குப் பின் தேர்தல் தள்ளிப்போன ஆண்டுகளில் தமிழகம் இதை அனுபவித்திருக்கிறது.

மூன்று, மாநில நிதிக்குழு மானியம். அதில் மோட்டாருக்கான மின் கட்டணமும் குடிநீர் வடிகால் வாரியத்துக்குச் செலுத்தும் தொகையும் ஊராட்சியின் இரண்டாம் எண் கணக்கிலிருந்து போகின்றன. மோட்டார் ஓடவில்லை, “கரண்ட் பில் கட்டவில்லை” என்று சொன்னால், கேட்க வேண்டியது அந்தக் கணக்கைத்தான்.

இனி செய்ய வேண்டியவை. இகிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் ஆண்டு, மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்ந்தெடுத்தால் அந்த ஆண்டின் திட்டமும் செலவும் தெரியும். குழாய் பழுது, மோட்டார் என்று போட்டிருக்கும் வரிகளை அச்செடுத்து, அந்தத் தெருவுக்கே போய்ப் பாருங்கள். பிறகு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு கூட்டங்கள். வரவு செலவைக் காட்டும் படிவம் 30ஐ வாசிக்கச் சொல்லுங்கள். உங்கள் கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று கண்ணால் பார்த்துவிட்டு எழுந்திருங்கள்.

ஓர் எச்சரிக்கை. எல்லா வீட்டுக்கும் குழாயில் தண்ணீர் வருகிறது என்று ஓர் ஊருக்குச் சான்று கிடைக்க, கிராம சபைத் தீர்மானம் தேவை. குழாய் மட்டும் நின்று தண்ணீர் வராத ஊரில் அந்தத் தீர்மானம் நிறைவேறினால், பிறகு போடும் மனுவுக்கு அந்தத் தாளையே பதிலாகக் காட்டுவார்கள். என்ன தீர்மானம் என்று படித்துக் காட்டச் சொல்லிக் கேட்காமல் எந்த ஏட்டிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இன்னொன்று பணம். ஜல் ஜீவனில் ஊருக்குள் நடக்கும் வேலைக்கு மக்கள் பங்கு 10 விழுக்காடு. மலை, வனப்பகுதி ஊர்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினர் பாதிக்கு மேல் வாழும் ஊர்களுக்கும் 5 விழுக்காடு. அதை ரொக்கமாகத்தான் தர வேண்டும் என்பதில்லை. பொருளாகவோ உழைப்பாகவோ தரலாம். வீட்டுக்கு இவ்வளவு என்று யார் வந்து கேட்டாலும் ரசீது வாங்காமல் ஒரு ரூபாயும் தராதீர்கள்.

பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, வட்டார வளர்ச்சி அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். ஊரின் ஜல் ஜீவன் செயல்திட்ட நகல், மதிப்பீடு, அளவுப் புத்தக நகல், ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த தொகை, குடிநீர்க் குழு உறுப்பினர் பட்டியல் ஆகியவற்றைக் கேளுங்கள். அந்தக் குழுவில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். இருக்கிறார்களா என்பது பட்டியலை வாங்கிப் பார்த்தால்தான் தெரியும். கூட்டுக் குடிநீர் வரும் ஊர் என்றால் அதே கேள்விகளோடு குடிநீர் வடிகால் வாரியத்தின் நிர்வாகப் பொறியாளர் அலுவலகத்துக்கும் ஒரு மனு. தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும், அவர்களே ஐந்து நாளில் உரிய இடத்துக்கு மாற்றி அனுப்ப வேண்டும். “எங்களுக்குச் சம்பந்தமில்லை” என்ற பதிலை ஏற்காதீர்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அந்தத் தேதியைத் தவறவிட்டுத்தான் நல்ல மனுக்கள் பலவும் வீணாகின்றன.

2025 ஜனவரி 5இல் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்து நிர்வாகம் தனி அலுவலரிடம் போனது. வட்டார வளர்ச்சி அலுவலரே தனி அலுவலராகவும் இருக்கும்போது, புகாரைக் கேட்பவரும் புகாருக்கு ஆளானவரும் ஒருவராகிவிடுகிறார். எனவே ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள ஊராட்சிகளின் உதவி இயக்குநருக்கும், ஊரக வளர்ச்சி முகமைத் திட்ட இயக்குநருக்கும் நகல் அனுப்புங்கள். திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண்ணை வாங்குங்கள். 1100இல் சொன்னால் புகார் எண்ணைக் குறித்துவையுங்கள். அடுத்த மறியலில் அதிகாரி வந்து நிற்கும்போது, முந்தைய மனுவின் எண்ணையும் தேதியையும் சொல்லி, பதிலை எழுத்தில் கேளுங்கள்.