பானை ஓட்டின் எழுத்தும் கணினியின் எண்ணும்

இராமநாதபுரம் கடற்கரையில், வைகை கடலில் கலக்கும் பகுதியில் உள்ளது அழகன்குளம். 1986–87 தொடங்கி தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இங்கு நடத்திய அகழாய்வுகளில் தமிழி (தமிழ்ப் பிராமி) எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. கடல் வணிகத்தின் மறுமுனையான எகிப்தின் குசெய்ர் அல்-காதிமிலும் 'பானை ஒறி' என்று தமிழியில் எழுதிய ஓடு கிடைத்துள்ளது. இவை அரசாணைகள் அல்ல. புழங்குபொருள்களின் மீது எழுதப்பட்டவை. எழுத்து ஒரு சிலரின் தனியுடைமை என்ற வாதத்தை மறுக்க நாம் இவற்றைச் சான்றாக முன்வைக்கிறோம்.

அந்த எழுத்து கணினியில் எவ்வாறு இடம்பெறுகிறது? ஒருங்குறி உலக எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் வழங்குகிறது. எண் பெறாத எழுத்தைப் படமாகக் காட்டலாம். தேடவோ, தொகுக்கவோ, ஒப்பிடவோ இயலாது.

2010இல் பிராமி ஒருங்குறியில் சேர்ந்தபோது ழ, ற, ன ஆகியவை 'பழந்தமிழ்' எனும் அடைமொழியுடன் எண் பெற்றன. குறில் எகரமும் ஒகரமும் பெறவில்லை. வடமொழியில் அக்குறில்கள் இல்லை. பிராகிருதம் எழுதிய பிராமியிலும் அவற்றுக்குத் தனிவடிவம் இல்லை. தமிழோ புள்ளியிட்டு அவற்றை நெடிலிலிருந்து பிரித்தது. தொல்காப்பியம் இதை விதியாகவே கூறுகிறது. 'ஒறி' போன்ற சொல்லைப் புள்ளியிட்ட ஒகரத்தோடு எழுதத் தனி எண் இல்லாதிருந்தது. மெய்யெழுத்திலும் இதே சிக்கல்: வடமரபில் மெய்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படும், தமிழ்ப் புள்ளி அவற்றை அருகருகே நிறுத்தும்.

2021இல் வெளிவந்த ஒருங்குறியின் 14ஆம் பதிப்பு இக்குறையை நீக்கியது. குறில் எகரம், ஒகரம், அவற்றின் உயிர்க்குறிகள், புள்ளி, பழந்தமிழ் ளகரம் என ஆறு குறிகள் சேர்ந்தன. எகரத்தின் எண் 11071.

ஆப்பிரிக்க அனுபவமும் இத்தகையதே. கினியாவில் ஃபுலானி மொழிக்கென 1989இல் இப்ராகிமா, அப்துலாயே பேரி என்னும் இரு சிறுவர்கள் உருவாக்கிய அத்லம் எழுத்து, 2016இல்தான் ஒருங்குறியில் இடம்பெற்றது. அதுவரை கைப்படிகளிலும் தனி எழுத்துருக்களிலும் அம்மக்களே அதைப் பரப்பினர்.

எண் கிடைத்ததோடு பணி முடிவதில்லை. பானை ஓடுகள் எழுதியவரின் சாதியைச் சொல்வதில்லை. அவற்றிலிருந்து யார் எதை நிறுவுகிறார் என்பதைச் சரிபார்க்க மூலப்பாடம் அனைவர் கையிலும் இருக்கவேண்டும். எனவே அகழாய்வு அறிக்கைகள் ஒளிப்படங்களோடு ஒருங்குறிப் பாடத்தையும் தேடத்தக்க வடிவில் பொதுவில் வெளியிட வேண்டும் என நாம் கோருகிறோம். கல்லூரி மாணவர்கள் அவ்வெழுத்துகளைத் தட்டச்சிடக் கற்க வேண்டும். வரலாற்றை வாசிக்கும் உரிமை மூலத்தைத் தொடும் உரிமையிலிருந்தே தொடங்குகிறது.