பத்து நாள் குடித்தனம் – 9
எம்.கே.பி. நகர்: மணி பார்த்துக் கடைக்குப் போங்கள்

சென்ற வாரம் ஸ்டான்லி மருத்துவமனையைச் சுற்றி அறை தேடினோம். அங்கே வாடகை கட்டுப்படியாகாதவர்கள் பக்கிங்காம் கால்வாயைத் தாண்டி மேற்கே வந்தால், வியாசர்பாடியை ஒட்டி எம்.கே.பி. நகர். முழுப்பெயர் மகாகவி பாரதி நகர். வீட்டுவசதி வாரியம் உருவாக்கிய குடியிருப்பு என்பதால் தெருக்கள் கோடு போட்டதுபோல் நேராக ஓடும்.

சுற்றுலா என்று யாரும் இங்கே வருவதில்லை. ஆனாலும் சில நாளைக்கு வீடு எடுப்பவர்களுக்குக் குறைவில்லை. ஸ்டான்லியில் நோயாளியோடு இருப்பவர்கள், தங்கை கல்யாணத்துக்கு வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு வருபவர்கள், துறைமுகத்துக்கு ஒப்பந்த வேலையாக வருபவர்கள். இவர்கள் எல்லோரும் முதல் நாளே கேட்பது, “பக்கத்தில் என்ன கடை இருக்கிறது?” என்பதைத்தான். கேட்க வேண்டியது, “எந்தக் கடை எத்தனை மணிக்கு?” என்று. வட சென்னையில் நல்ல சரக்கு நாள் முழுக்க நம்மை எதிர்பார்த்துக் காத்திருப்பதில்லை.

இது இந்த ஊருக்கு மட்டுமான வழக்கமும் இல்லை. கரீபியன் தீவான பார்படாஸில் விடுமுறைக்கு வீடு எடுப்பவர்களிடம், வெள்ளிக்கிழமை இரவு ஓயிஸ்டின்ஸ் என்ற மீனவர் ஊருக்குப் போய்ச் சுட்ட மீன் சாப்பிடச் சொல்வார்கள். மீனவர் வாழும் இடத்தில் சாப்பாட்டுக்கென்று ஒரு நாளும் பொழுதும் உண்டு.

முதலில் வீடு. இங்கே முகவரி என்பது எண்களின் விளையாட்டு. ‘ஈஸ்ட் கிராஸ்’, ‘வெஸ்ட் கிராஸ்’ என்று தெருக்கள் வரிசையெண்ணோடு இருக்கும். கிழக்கா மேற்கா என்று சொல்லாமல் தெரு எண்ணை மட்டும் சொன்னால், சாப்பாடு கொண்டுவரும் பையன் சென்ட்ரல் அவென்யூவின் மறுபக்கம் நின்று போன் செய்வான். கதவிலக்கத்திலும் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருக்கும். இரண்டையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அஞ்சல் குறியீடு 600039.

முன்பணம் பேசும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, தனியாக வேறு உடன்பாடு இல்லாவிட்டால் குடியிருப்புக்கு மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது. பத்து நாள் தங்குபவருக்குத் தனி ரசீது எதுவும் வராது. எனவே யூனிட்டுக்கு எவ்வளவு என்று முதலிலேயே பேசி, நுழையும் நாளில் மீட்டரை மொபைலில் படம் எடுத்துவிடுங்கள். உங்களில் யாராவது வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருந்தால், வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அந்த வருகையைப் பதிய வேண்டும். பாஸ்போர்ட், விசா நகலைத் தயாராக வைத்திருந்தால் அவருக்கும் வேலை சுலபம்.

அடுத்தது தண்ணீர். “மெட்ரோ வாட்டர் எப்போ வரும்க்கா?” என்று எதிர்வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் பாதிக் குடித்தனம் முடிந்தது. தண்ணீர் வரும் நேரம் தெருவுக்குத் தெரு மாறும். அந்த நேரத்தில் மோட்டார் போட்டு மேலே ஏற்றவில்லை என்றால் அன்றைய பொழுது குடத்தோடு போகும். புழல் ஏரி பக்கத்தில்தான் இருக்கிறது. 2010இல் மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலையும் வந்தது. வட சென்னைக் குழாய்களுக்கு அங்கிருந்தும் தண்ணீர் வந்திருக்கிறது. ஆனாலும் குடிக்க 20 லிட்டர் கேன் வாங்குவதுதான் இங்கே பலர் வழக்கம். கேனுக்குத் தனியாக முன்பணம் உண்டு. போகும்போது காலி கேனைக் கொடுத்து அதை மறக்காமல் திரும்ப வாங்குங்கள்.

மீன் வாங்க விடியலில் எழுந்தே ஆக வேண்டும். ஆட்டோ பிடித்தால் காசிமேடு சிறிது நேரத்தில் வந்துவிடும். 1980களில் கட்டிய மீன்பிடித் துறைமுகம் இது. இருட்டிலேயே விசைப்படகுகள் கரைக்கு வர, ஏலம் தொடங்கிவிடும். ஏலக்கூட்டம் வியாபாரிகளுக்கானது, அதற்குள் புகுந்து விலை கேட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சற்றுத் தள்ளித் தரையில் கூறு கட்டி வைத்திருக்கும் அக்காக்களிடம் போங்கள். முதல் விலையைக் கேட்டு மலைக்க வேண்டாம். அது பேச்சைத் தொடங்குவதற்கான விலை.

“இன்னா தம்பி, பாத்துக்கினே நிக்கிற? எடுத்துப் பாரு, இப்ப வந்த சரக்கு.” எடுத்துப் பார்க்கத்தான் வேண்டும். செவுள் ரத்தச் சிவப்பாக இருக்கட்டும், கண் மங்காமல் இருக்கட்டும், விரலால் அழுத்தினால் சதை உடனே எழும்பட்டும். நண்டு என்றால் கையில் தூக்கிப் பாருங்கள். கனமாக இருந்தால் உள்ளே சதை உண்டு. வஞ்சிரத்துக்குப் பெயர் அதிகம், விலையும் அதிகம். நான்கு பேர் குழம்புக்குச் சங்கராவோ கானாங்கெளுத்தியோ போதும். வறுக்க நெத்திலி. வாங்கிய மீனைச் சுத்தம் செய்து வெட்டிக் கொடுக்கப் பக்கத்திலேயே ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். கூலி தனி, அதையும் முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள். சில்லறை நோட்டு வைத்திருங்கள். ஈரக் கையோடு இருப்பவர்களிடம் ஐந்நூறை நீட்டிப் பாக்கி கேட்டு நிற்பது இருவருக்கும் தொல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். சென்னையில் பாதி அங்கேதான் இருக்கும்.

ஞாயிறு என்றால் கறி. புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டி அருகில்தான் என்பதால் இந்த வட்டாரத்துக் கறிக்கடைகளில் காலையில் சரக்கு புதிதாக இருக்கும். பகல் நெருங்க நெருங்க நல்ல துண்டெல்லாம் போய் எலும்பும் கொழுப்பும் மிஞ்சும். பிரியாணிக்கும் இதே கணக்கு. அண்டா திறப்பது மதியம் பன்னிரண்டை ஒட்டி. பெயர் வாங்கிய கடைகளில் இரண்டு மணிக்குள் அடி தட்டிவிடும். கறித்துண்டு தீர்ந்தபின் போனால் குஸ்காதான். வியாசர்பாடி, பெரம்பூர், புளியந்தோப்பு மூன்றிலும் பீப் பிரியாணிக் கடைகள் ஏராளம். சாயங்காலமானால் அதே தெருக்களில் தள்ளுவண்டியில் பீப் பகோடாவும் சில்லியும் சூடாக வரும். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் காலை இட்லி, வடகறியோடு இங்கேயே சமாளிக்கலாம். ஒருநாள் விருந்தாக வேண்டுமென்றால் சௌகார்பேட்டை மின்ட் தெருவுக்குப் போய்விடுங்கள். பூரி, கச்சோரி, ஜிலேபி, லஸ்ஸி என்று வடநாட்டுக் கடைகள் வரிசையாக இருக்கின்றன.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சின்னக் கடைகள் பல கொஞ்ச நேரம் ஓய்வெடுக்கும். துணி வாங்கப் போவதற்கு அதுவே நல்ல நேரம். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் கல்யாணத் துணியிலிருந்து குழந்தைகளின் உள்ளாடை வரை கிடைக்கும். தி.நகரில் கொடுக்கும் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் மறுபடி தி.நகர் போக யோசிப்பார்கள். நடைபாதைக் கடையில் பேரம் பேசலாம். விலைச்சீட்டு ஒட்டிய கடையில் பேசிப் பயனில்லை. தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் அந்தத் தெருவில் நடப்பதே பெரிய வேலை. அப்போது குழந்தைகளை அழைத்துப் போகாதீர்கள்.

மாலை ஆறு மணிக்கு மேல் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ். எம்.கே.பி. நகரில் தங்கிவிட்டு இதைச் சாப்பிடாமல் போகக் கூடாது. 1962இல் பர்மாவில் தளபதி நீ வின்னின் ராணுவ ஆட்சி வந்தது. 1964இல் கடைகளை அரசுடைமை ஆக்கினார்கள். தலைமுறைகளாக அங்கே வியாபாரம் செய்த தமிழர்கள் லட்சக்கணக்கான இந்தியர்களோடு கப்பலேறித் திரும்பினார்கள். சென்னையில் இறங்கியவர்களில் பலருக்கு வியாசர்பாடி வீடானது, கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் பிழைப்பானது. கையில் பெரிதாக எதுவும் கொண்டுவர விடாத அந்தப் பயணத்தில் கைப்பக்குவம் மட்டும் தப்பித்து வந்தது. வேகவைத்த நூடுல்ஸில் முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், தட்டை போன்ற பேஜோவை நொறுக்கியது எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். முட்டையைக் கீறி உள்ளே பொரித்த வெங்காயமும் புளியும் வைத்துத் தருவதை ஒரே வாயில் போட வேண்டும். காரம் ஆகாதவர்கள் பிசைவதற்கு முன்பே, “காரம் கம்மியா போடுங்கண்ணே” என்று சொல்லிவிடுங்கள். பிசைந்தபின் குறைக்க வழியில்லை. மொய்ங்கா என்ற பர்மிய மீன் சூப் நூடுல்ஸ் கிடைத்தால் அதையும் விடாதீர்கள். வியாசர்பாடி பி.வி. காலனிப் பக்கம் விசாரித்தால் குழந்தைகூட வழி சொல்லும்.

போக்குவரத்து எளிது. எம்.கே.பி. நகரிலிருந்தே மாநகரப் பேருந்துகள் புறப்படுகின்றன. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் கட்டணமில்லை. முகப்பில் பிங்க் வண்ணம் பூசியவற்றைப் பார்த்து ஏறுங்கள். வியாசர்பாடி ஜீவா ரயில் நிலையத்தில் ஏறினால் சென்ட்ரல் இரண்டாவது நிறுத்தம். விமானத்தில் வருபவர்கள் விமான நிலைய மெட்ரோவில் உட்கார்ந்தால் வண்டி மாறாமல் வண்ணாரப்பேட்டையில் இறங்கலாம், அங்கிருந்து ஆட்டோ.

இனி யாரும் சொல்லித் தராத இரண்டு விஷயம். நகரத்தின் வடபாதிக் குப்பை வந்து சேரும் கொடுங்கையூர் கிடங்கு இங்கிருந்து தொலைவில் இல்லை. காற்று அந்தப் பக்கமிருந்து வீசும் நாளில் நாற்றம் வரும். கிடங்கில் தீப்பிடித்தால் புகையும் வரும். மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் வீட்டைப் பகலில் மட்டும் பார்க்காமல், விளக்கு வைத்தபின்னும் ஒருமுறை போய் நின்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். இரண்டாவது, மழை. பெருமழைக்கு முதலில் மூழ்குவது கணேசபுரம் சுரங்கப்பாதை. அது மூடினால் புளியந்தோப்புப் பக்கம் போகச் சுற்றுவழிதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இந்த வட்டாரத்தில் தரைத்தளத்தில் இருந்தவர்கள் பட்டபாடு கொஞ்சமல்ல. ஐப்பசி, கார்த்திகையில் வருவதானால் வாடகை கொஞ்சம் கூடினாலும் மாடி வீடாகப் பாருங்கள்.

கடிகாரத்தைப் போலவே காலண்டருக்கும் இங்கே மதிப்பு உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அப்போது சிறு படகுகள் கொண்டுவருவதும் வெளியூர் ஐஸ் மீனும்தான் காசிமேட்டில் இருக்கும், விலையும் ஏறும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. தேதி உங்கள் கையில் இருந்தால் பொங்கல் முடிந்ததும் வாருங்கள். தை பிற்பாதியும் மாசியும் மழை ஓய்ந்த, வெயில் இன்னும் ஏறாத நாட்கள். படகுகளுக்கும் தடை இருக்காது, எம்.சி. ரோட்டிலும் நெரிசல் குறைந்திருக்கும்.

(அடுத்த வாரம்: திருவொற்றியூர் – தேரடியைச் சுற்றி வீடு தேடுபவர்களுக்கு)