கணக்கில் பிள்ளை தடுமாறினால்

இடம்பெயர்ந்து பாடசாலை மாறிய பிள்ளைக்கு இடையில் சில பாடங்கள் விடுபட்டிருக்கும். சாதாரண தர வகுப்பில் அட்சரகணிதம் வந்ததும் அது தெரியவரும். "எனக்கு இது தெரியாதே" என்று பெற்றோர் ஒதுங்கத் தேவையில்லை. கணக்கைச் செய்யத் தெரியாதவரும் விடையைச் சரிபார்க்கலாம்.

ஒரே நிறையுள்ள 3 மூடை நெல்லும் 20 கிலோ உழுந்தும் சேர்ந்து 200 கிலோ. ஒரு மூடையின் நிறையை 'ம' என வைத்தால், 3ம + 20 = 200. பிள்ளை 60 என்கிறதா? மூன்று மூடை 180, உழுந்து 20, மொத்தம் 200, விடை சரி. 70 என்றால் 230 வரும், பிழை. எந்த வரியில் பிழைத்தது என்று பிள்ளையே மேலிருந்து வாசித்துப் பார்க்கட்டும். அகப்படாவிட்டால் அந்த வரியை ஆசிரியரிடம் காட்டட்டும். "ஒன்றும் விளங்கவில்லை" என்று மொட்டையாகச் சொன்னால் அவரும் எங்கே தொடங்குவார்?

திரிகோணகணிதத்துக்கு வெளியே போங்கள். சதுரக் கடதாசியை மூலைக்கு மூலை மடித்தால் 45 பாகைக் கோணம் கிடைக்கும். சமதரையில் நின்று, ஒரு குறுகிய விளிம்பைக் கிடையாகக் கண்ணருகே பிடித்து, சாய்ந்த விளிம்பு வழியே தென்னை உச்சியைப் பார்க்க வேண்டும். உச்சி நேர்படும்வரை முன்பின் நகரவேண்டும். 45 பாகையின் தான்சன் 1. ஆகவே மரத்தடிவரை உள்ள தூரமும், கண்மட்டத்துக்கு மேலுள்ள மரத்தின் உயரமும் சமன். அதோடு தரையிலிருந்து கண்வரை உள்ள உயரத்தைக் கூட்டவேண்டும். பரீட்சையிலும் பிள்ளைகள் மறப்பது இதைத்தான்.