கட்டாய நிறுவன சமூகப் பொறுப்புச் செலவு (இந்தியா)

கட்டாய நிறுவன சமூகப் பொறுப்புச் செலவு என்பது, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் தம் இலாபத்தில் ஒரு பங்கைச் சமூக நலப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்று இந்தியச் சட்டம் விதிக்கும் கடமை ஆகும். நிறுவனங்கள் சட்டம், 2013 இன் 135 ஆம் பிரிவு இதனை வரையறுக்கிறது. இப்பிரிவு 2014 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இது சி.எஸ்.ஆர். என்றும் அழைக்கப்படுகிறது. இச்சட்டம் எதனைச் சமூகப் பணியாக ஏற்கிறது, எதனை ஏற்க மறுக்கிறது என்பதை ஈரோடு போன்ற தொழில் மாவட்டங்களில் தெளிவாகக் காணலாம்.

பின்னணி

கொங்கு நாட்டில் தொழில் வருவாயிலிருந்து அறப்பணி செய்வது இச்சட்டத்திற்கு முற்பட்ட வழக்கம் ஆகும். கோயம்புத்தூரின் பூ. சா. கோ. அறநிலையம் 1926 இல் நிறுவப்பட்டது. பெருந்துறையில் உள்ள கொங்கு பொறியியல் கல்லூரி 1984 இல் ஓர் அறக்கட்டளையால் தொடங்கப்பட்டது. இவை விருப்பத்தின் பேரில் செய்யப்பட்டவை.

நடுவண் அரசு 2009 இல் நிறுவனங்களுக்குத் தன்விருப்ப வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அவை எவரையும் கட்டுப்படுத்தவில்லை. 2013 ஆம் ஆண்டுச் சட்டமே இதனைக் கடமையாக்கியது. இவ்வாறு கட்டாயமாக்கிய முதல் நாடு இந்தியா என்று பரவலாகக் கூறப்பட்டாலும், மொரீசியசு 2009 இலேயே இத்தகைய 2% விதியைக் கொண்டுவந்தது.

யாருக்குப் பொருந்தும்

பின்வருவனவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம் இப்பிரிவின் கீழ் வரும் என்று 2013 ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது.

* நிகர மதிப்பு 500 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல்
* விற்றுமுதல் 1,000 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல்
* நிகர இலாபம் 5 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல்

தனியார் வரையறு நிறுவனங்களும் இதில் அடங்கும். ஆனால் தனிநபர் தொழில்களும் கூட்டாண்மைத் தொழில்களும் நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் வருவதில்லை. ஈரோட்டின் விசைத்தறிக் கூடங்கள், சாயப்பட்டறைகள், மஞ்சள் மண்டிகள் ஆகியவற்றுள் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவை. எனவே தொழில் மிகுந்த மாவட்டமாக இருந்தும், இச்சட்டத்திற்கு உட்பட்ட உள்ளூர் நிறுவனங்கள் குறைவே.

கணக்கிடும் முறை

முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் குறைந்தது 2% செலவிடப்பட வேண்டும். இங்கு இலாபம் என்பது வரிக்கு முந்தைய இலாபம் ஆகும்.

எடுத்துக்காட்டாக, ஒரு நூற்பாலையின் இலாபம் மூன்று ஆண்டுகளில் முறையே 6, 9, 12 கோடி ரூபாய் எனக் கொள்வோம். சராசரி 9 கோடி. அதில் 2% என்பது 18 இலட்சம் ரூபாய். பருவமழையையும் சந்தை விலையையும் சார்ந்த சர்க்கரை, பருத்தி போன்ற தொழில்களில் இலாபம் ஆண்டுக்கு ஆண்டு பெரிதும் மாறுவதால், மூன்றாண்டுச் சராசரி ஏற்ற இறக்கத்தைத் தணிக்கிறது.

செலவிட வேண்டிய தொகை 50 இலட்சம் ரூபாய்க்கு மேற்பட்டால் இயக்குநர்களைக் கொண்ட தனிக்குழு தேவை. அதற்குட்பட்டால் இயக்குநர் அவையே அப்பணியைச் செய்யலாம். நிர்வாகச் செலவு, மொத்தச் சமூகப் பொறுப்புச் செலவில் 5% ஐத் தாண்டக் கூடாது.

ஏற்கப்படுபவையும் ஏற்கப்படாதவையும்

சட்டத்தின் ஏழாம் அட்டவணை, ஏற்கத்தக்க பணிகளைப் பட்டியலிடுகிறது. பசி ஒழிப்பு, நலவாழ்வு, கல்வி, சுற்றுச்சூழல், ஊரக வளர்ச்சி, மரபுக் கைவினைகள், பேரிடர் மேலாண்மை முதலியன அவற்றுள் சில. ஏரியைத் தூர்வாருவதும் பவானி சமக்காள நெசவுக் கலையை வளர்ப்பதும் இப்பட்டியலுள் அடங்கக்கூடியவை.

தன் ஊழியர்களுக்கு மட்டும் பயன்படும் பணி, அரசியல் கட்சிகளுக்கான நன்கொடை, விளம்பர நோக்கிலான ஆதரவு ஆகியவை ஏற்கப்படுவதில்லை. ஆலைத் தொழிலாளர் விடுதி கட்டுவது நற்செயலாயினும் இக்கணக்கில் சேராது.

மற்றொரு விலக்கு இப்பகுதிக்கு மிக முதன்மையானது. வேறொரு சட்டத்தின்படி செய்தே ஆக வேண்டிய செயலைச் சமூகப் பொறுப்பாகக் காட்ட இயலாது. சாயக்கழிவையும் தோல் கழிவையும் தூய்மைப்படுத்துவது 1974 ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின்படி ஆலையின் கடமை. திருப்பூர்ச் சாயக்கழிவால் நொய்யல் ஆறும், சென்னிமலை அருகேயுள்ள ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டன. 2011 சனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூட ஆணையிட்டது. ஈரோட்டில் காலிங்கராயன் வாய்க்காலும் ஆலைக் கழிவுகளால் மாசடைந்தது. ஓர் ஆலை தன் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் செலவை 2% கணக்கில் எழுத முடியாது. கெடுத்ததைச் சீர்செய்வது கடமை. சமூகப் பொறுப்பு அதற்கு மேற்பட்டது என்பதே இவ்விதியின் பொருள்.

செலவிடாவிட்டால்

தொடக்கத்தில், செலவிடாத நிறுவனம் அதன் காரணத்தை ஆண்டறிக்கையில் கூறினால் போதுமானதாக இருந்தது. 2019 ஆம் ஆண்டுத் திருத்தம் சிறைத்தண்டனையையும் சேர்த்தது. தொழில்துறையினரின் எதிர்ப்புக்குப் பின் அது நடைமுறைக்கு வராமலேயே கைவிடப்பட்டது. 2021 சனவரி 22 முதல் பின்வரும் முறை நடைமுறைக்கு வந்தது.

* தொடர் திட்டத்திற்குரிய மீதத் தொகையை, நிதியாண்டு முடிந்த 30 நாட்களுக்குள் தனி வங்கிக் கணக்கில் இட்டு, மூன்று நிதியாண்டுகளுக்குள் செலவிட வேண்டும்.
* பிற மீதத் தொகையை ஆறு மாதங்களுக்குள் ஏழாம் அட்டவணையில் கூறப்பட்ட அரசு நிதியங்களுள் ஒன்றுக்கு மாற்ற வேண்டும்.
* இவற்றை மீறும் நிறுவனத்திற்கு, மாற்ற வேண்டிய தொகையின் இருமடங்கு அல்லது 1 கோடி ரூபாய், இவற்றுள் குறைவானது தண்டத்தொகை ஆகும். பொறுப்பான அலுவலருக்கு அத்தொகையில் பத்தில் ஒரு பங்கு அல்லது 2 இலட்சம் ரூபாய், இவற்றுள் குறைவானது.

மேற்கண்ட நூற்பாலை 18 இலட்சத்தையும் செலவிடாமலும் மாற்றாமலும் விட்டால், நிறுவனத்திற்கு 36 இலட்சம் ரூபாயும் அலுவலருக்கு 1.8 இலட்சம் ரூபாயும் தண்டமாகும். மாறாக, கூடுதலாகச் செலவிட்டிருந்தால் அம்மிகுதியை அடுத்த மூன்று நிதியாண்டுகளுக்குள் ஈடுசெய்து கொள்ளலாம்.

உள்ளூர் முன்னுரிமை

நிறுவனங்கள் தாம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. எனினும் இது வழிகாட்டுதலே, கட்டாயமன்று என நிறுவன விவகார அமைச்சகம் 2021 இல் விளக்கியது. பெருநிறுவனங்கள் மிகுந்த மகாராட்டிரம் போன்ற மாநிலங்களுக்கே நிதி அதிகம் செல்கிறது. சிறுதொழில்களை நம்பிய மாவட்டங்கள் தமக்குரிய பங்கைப் பெறுவதில்லை என்பது இச்சட்டத்தின் மீதான முதன்மைத் திறனாய்வுகளுள் ஒன்றாகும்.