ஒவ்வொரு கோருக்கும் ஓர் உச்சம்

கணினியின் செயலி ஒன்றாகத் தோன்றினும், ‘கோர்’ எனப்படும் உட்செயலகங்கள் பல அதனுள் தனித்தனியே இயங்குகின்றன. ஒரு நொடியில் ஒரு கோர் பெறும் துடிப்புகளின் எண்ணிக்கையே அதன் அதிர்வெண். நூறு கோடித் துடிப்புகள் ஒரு கிகாஹெர்ட்ஸ் ஆகும். கோர்கள் யாவும் ஒரே வகையினவாக இருந்தபோது, ஒன்றன் உச்ச அதிர்வெண்ணை அறிந்தாலே போதுமானதாக இருந்தது. இன்று அந்நிலை மாறிவிட்டது. 2021ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டெல் கோர் ஐ9-12900கே செயலியை நோக்குவோம். அதன் 16 கோர்களுள் 8 விரைவுமிக்கவை, அவை 5.1 கிகாஹெர்ட்ஸ் வரை செல்லும். அவற்றுள்ளும் தேர்ந்த சில 5.2ஐ எட்டும். மின்சிக்கனம் கருதி அமைந்த ஏனைய 8 கோர்களும் 3.9ஐக் கடவா.

இவ்வேறுபாட்டை மென்பொருள்கள் அறிவது எங்ஙனம்? இயக்க அமைப்பின் மையப்பகுதியாகிய கெர்னலே அதனைத் தெரிவித்தல் வேண்டும். லினக்ஸ் கெர்னல், ஒவ்வொரு கோரின் உச்ச அதிர்வெண்ணையும் கிலோஹெர்ட்ஸ் அலகில் தனித்தனிக் கோப்பாகக் காட்டுகிறது. 3.9 கிகாஹெர்ட்ஸ் அங்கு 3900000 என நிற்கும். இக்கோப்பு வட்டில் எழுதி வைக்கப்பட்டதன்று. படிக்கும் கணத்தில் கெர்னல் தரும் விடையே அது.

அனைத்துக் கோர்களுக்கும் 5.2 என்றே கெர்னல் விடை தருமாயின் என்ன நேரும்? தன் முழு வேகத்தில் இயங்கும் சிக்கனக் கோரும் முக்கால் வேகத்தில் மட்டுமே இயங்குவதாகக் கண்காணிப்பு மென்பொருள் கணக்கிடும். இயலாமையைச் சோம்பல் எனக் கொள்ளும் பிழை போன்றதே இது.

எனினும், அதிர்வெண் ஒன்றே திறனுக்கு அளவாகாது. ஒரே அதிர்வெண்ணிலும் விரைவுக் கோர், சிக்கனக் கோரைவிட மிகுதியான கட்டளைகளை முடிக்கவல்லது. ஆதலின், எக்கோருக்கு முதலில் பணி தருவது என்பதை முடிவுசெய்ய, முன்னுரிமை மதிப்பொன்றையும் கோர்தோறும் கெர்னல் தனியே வைத்துள்ளது.